அக்கா என்றொரு புள்ளி

நான்கு மணிக்கு உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகப் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். போட்ட கையோடு நேரே வாசலுக்குப் போய், அங்கே காத்திருக்கும் ஆறு குடும்பங்களிடமும் பெயரைச் சொல்லிவிடுவாராம்.

"மூணு மாசமா அவங்க கேக்கறது ஒரே ஒரு கேள்விதான் மேடம். யாருன்னு. இன்னைக்குப் பதில் சொல்லிடலாம், உங்க புண்ணியத்துல."

புண்ணியம் என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அறிக்கை அவளுடையது. பதினாறு பக்கம், கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து.

அவள் படித்தது புள்ளியியல். வரைவதெல்லாம் புள்ளியும் கோடும். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் 'புள்ளி மேடம்' என்று பெயர். அவள் காது கேட்காத தூரத்தில் அதுவே 'கரும்புள்ளி' ஆகிவிடும். அவள் வந்து உட்கார்ந்த பிரிவில் யார் பேரிலாவது ஒரு கரும்புள்ளி விழாமல் போகாது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். அந்தச் சிரிப்பில் அவளும் பல தடவை கலந்துகொண்டதுண்டு. இன்றைக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவு அது. வெளி ஹாலில் பன்னிரண்டு இயந்திரங்கள். உள்ளே ஓர் அறையில் நான்கு. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் ஏற்கெனவே உள்ள நோயாளிகளுக்கு உள்ளறை, மற்ற எழுபது பேருக்கு ஹால். உள்ளே பயன்படுத்திய ஒரு பஞ்சுகூட வெளியே வரக்கூடாது என்பது விதி. ஆனால் மூன்றே மாதத்தில் ஹாலில் ஆறு பேருக்கு அந்த வைரஸ் வந்துவிட்டது. யாரோ ஒருவர் கை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அந்தக் கையைக் கண்டுபிடிக்கும் வேலை புள்ளி மேடத்திடம் வந்தது. மூன்று மாதத்துப் பதிவுத் தாள்களை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வரியிலும் நோயாளி, இயந்திரம், நேரம், ஊசி ஏற்றிய டெக்னீஷியன், கடைசியாக 'உதவியவர்' என்று ஒரு கட்டம். ஆளுக்கு ஒரு புள்ளி வைத்தாள். ஒரே வரியில் வந்த புள்ளிகளுக்கிடையே கோடு இழுத்தாள். முடித்தபோது அது சிலந்தி குடித்துவிட்டுப் பின்னிய வலை போல இருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி மட்டும் ஆறு நோயாளிகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

நிறைய வேலை செய்கிறவர்களுக்கு நிறைய கோடு இருக்கும். அது குற்றமாகாது. அதனால் அவள் வலையைக் குலுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை கோடு உண்டோ அந்த எண்ணிக்கையை மாற்றாமல், யாரோடு யார் என்பதை மட்டும் சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்துக் கணினியில் மறுபடி மறுபடி வரைந்தாள். பத்தாயிரம் தடவை. தற்செயலாக அந்தப் புள்ளி ஆறு பேரோடும் இவ்வளவு நெருங்கி வருமா என்று பார்த்தாள். ஒரு தடவைகூட வரவில்லை.

அந்தப் புள்ளியின் பெயர் 'அக்கா'. டயாலிசிஸ் பிரிவில் அக்கா என்றால் ஒருவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருடமாக அங்கே இருக்கும் மூத்த டெக்னீஷியன் பெரியக்கா. அதனால் புள்ளி மேடம் பெரியக்காவின் பெயரையும் 'அக்கா'வையும் ஒரே புள்ளியாகச் சேர்த்திருந்தாள். பெரிய டாக்டரே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். நேற்று முதல் அவள் எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது என்று உத்தரவு. இன்று நான்கு மணிக்கு வேலை நீக்கம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கேன்டீனில் உட்கார்ந்தபோது புள்ளி மேடத்துக்கு வாயில் வைத்தது இறங்கவில்லை. கண்டுபிடித்தது சரியென்றால் மனம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டிருந்தாள். அப்போது தம்பியிடமிருந்து போன் வந்தது. கையில் குழம்பு. முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அக்கா" என்று தம்பி பெருங்குரலில் கூப்பிட்டான். லாரி ஷெட்டில் வேலை. அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் திரும்பினாள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் திரும்பினாள். கல்லாவில் இருந்த அம்மாகூடத் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பாவுக்குக் கண்ணு டாக்டர்கிட்ட நாளைக்கா, நாளன்னைக்கா? அவரு இப்பவே சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காருக்கா."

"நாளன்னைக்குடா. சட்டையைக் கழட்டச் சொல்லு."

போனை வைத்ததும் அந்த நர்ஸ் சிரித்தாள். "உங்க தம்பி எங்க மூணு பேரையும் சேத்துல்ல கூப்பிட்டுட்டாரு மேடம்."

"அவனுக்கு ஊர்ல இருக்கறவங்க எல்லாம் அக்காதான்" என்று சொல்லப் போனவள் பாதியில் நின்றாள்.

கை தட்டில் அப்படியே இருந்தது. அக்கா என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புகிறார்கள். எழுதினால்?

உடனே இன்னொன்று ஞாபகம் வந்தது. வலையை வரைவதற்கு முன்னால் கணினி தப்பான வரிகளைத் தானாகவே களையும். என்ன களைந்தது என்று கீழே சின்ன எழுத்தில் சொல்லும். 'ஒரு புள்ளி தன்னையே தொடும் கோடுகள் பதினொன்று நீக்கப்பட்டன.' அப்படி வருவது சகஜம்தான், எழுத்துப் பிழையாக இருக்கும் என்று அவள் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தாள். ஒரு புள்ளி தன்னையே தொடுகிறதென்றால், பெரியக்கா ஊசி ஏற்றியபோது அவளுக்கு உதவியது 'அக்கா' என்று அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

தனக்குத் தானே யாராவது அக்காவாக இருக்க முடியுமா?

கையைக் கழுவினாளோ இல்லையோ, டயாலிசிஸ் பிரிவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மணி ஒன்று இருபது.

காலை முறை முடிந்து, டெக்னீஷியன்கள் அறையில் இயந்திரக் குழாய்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்காவை விட்டால் ஆறு பேர், எல்லாரும் பெண்கள். புள்ளி மேடம் உள்ளே வந்ததும் அதுவரை சலசலவென்றிருந்த அறை, வாத்தியார் நுழைந்த வகுப்பு மாதிரி அடங்கிப் போனது.

"உதவியவர் கட்டத்துல அக்கான்னு எழுதியிருக்கீங்களே" என்றாள். "நானூத்தி ஆறு எடத்துல. அது யாரு?"

ஒருத்தி இடுப்பில் கையை வைத்தாள். நடுவயதுக்காரி. பேச்சில் யாரும் அவளை ஜெயித்ததில்லை, அதனால் அங்கே அவளுக்கு வாயாடி என்று பேர்.

"ஏன் மேடம், கணக்கு எழுதி முடிச்சிட்டு இப்பதான் வினாத்தாளைப் படிக்கறீங்களா?"

"ஆமா. தப்பு என்னோடதுதான். சொல்லுங்க. அக்கான்னா பெரியக்காவா?"

"எனக்குப் பெரியக்கா அக்கா. இதோ இவளுக்கு நானும் அக்கா, அவங்களும் அக்கா. அந்தக் கடைசியில நிக்கறாளே, அவளுக்கு நாங்க அஞ்சு பேரும் அக்கா, நர்ஸுங்க எல்லாம் அக்கா, தரை தொடைக்கறவங்ககூட அக்கா. வயசுல பெரியவங்க எல்லாரும் அக்காதானே?"

"பேர் எழுதியிருக்கலாமே."

"பெரியவங்க பேரை மொட்டையா எப்படி மேடம் எழுதறது? கை வராதே. கூட வேலை பாக்கற எங்க வயசுக்காரங்க உதவினா பேரு எழுதுவோம். நரம்பே கெடைக்காத கேஸ்னா சின்னதுங்களால முடியாது, மூத்தவங்க யாரையாவது கூப்பிடுவோம். அதை அக்கான்னு எழுதுவோம். மரியாதைக்கு."

புள்ளி மேடம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். ஆறு பேருக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. ஆறு பேரும் நரம்பு கிடைக்காத நோயாளிகள். அதனால்தான் அவர்கள் வரியில் எல்லாம் அக்கா. அக்கா என்பது ஆளே இல்லை. இரண்டு பேருக்கு நடுவிலே இருக்கும் உறவு. அவள் கோட்டை எடுத்துப் புள்ளியாக வைத்திருந்தாள். மரியாதையாக எழுதின நானூற்றி ஆறு சொற்களையும் கூட்டி ஒரு பெண்ணின் தலையில் கட்டியிருந்தாள்.

"தேதி தேதியா நான் படிக்கறேன்" என்றாள். "ஒவ்வொண்ணுக்கும் யாருன்னு சொல்லுங்க. டூட்டி சார்ட் பாத்துச் சொல்லலாம். நாலு மணிக்குள்ள முடிக்கணும்."

கடைசியில் நின்றவள் குழாயைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் மெல்லக் கேட்டாள். "இப்ப நாங்க ஒருத்தர் பேரைச் சொன்னா, நாலு மணிக்கு அவங்க பேரு வாசலுக்குப் போயிடுமா மேடம்?"

போகாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் போகாது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லித்தான் இன்றைக்கு இந்த இடத்தில் வந்து நிற்கிறாள்.

"தெரியாது" என்றாள். "போகக்கூடாதுன்னு நான் சண்டை போடுவேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். ஆனா இப்ப ஒருத்தர் தலையில நானூறு இருக்கு. அதுல உங்களோடது எவ்வளவோ அதை மட்டும் எடுத்துக்கங்கன்னுதான் கேக்கறேன்."

வாயாடி கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"இவளுங்க அக்கான்னு எழுதினதுல கால்வாசி நானாத்தான் இருப்பேன். நீங்க படிங்க. என்னோடதுன்னா நானே சொல்றேன். யாரும் யாரையும் காட்டிக்குடுக்க வேணாம். அவங்கவங்களோடதை அவங்கவங்க எடுத்துக்கலாம்."

அப்படித்தான் நடந்தது. புள்ளி மேடம் படிக்கப் படிக்க, "அது நான்", "அது நான், அன்னைக்கு அவருக்கு வாந்தி வந்துது" என்று குரல்கள் வந்தன. செய்தி வெளியே போயிற்று. நர்ஸ்கள் இரண்டு பேர் வந்து நின்று தங்கள் பங்கைச் சொன்னார்கள். துப்புரவுப் பெண் ஒருத்தி துடைப்பத்தோடு வந்து, "அந்த வயசானவர் கையை ரெண்டு தடவை நான் புடிச்சிக்கிட்டேன், அதையும் எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பயந்துகொண்டேதான் சொன்னார்கள். ஒருத்திக்குச் சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்கள். ஆண்டவன் கணக்குப் புத்தகத்தில் இந்த மாதிரி வரிகளை எந்த மையில் எழுதுவானோ என்று புள்ளி மேடம் நினைத்துக்கொண்டாள். நினைக்க நேரமில்லை. மணி இரண்டே முக்கால்.

புது வலையைக் கணினியில் போட்டாள். நானூற்றி ஆறும் பிரிந்து பல பேரிடம் போனதும் நடுவிலிருந்த பெரிய புள்ளி கரைந்து போயிற்று. பத்தாயிரம் தடவை குலுக்கினாள். இந்த முறை யாருடைய புள்ளியும் தனித்து நிற்கவில்லை. பெரியக்காவுடையதும்தான். அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

மிச்சம் இருந்தது, கணினி முன்பு களைந்த அந்தப் பதினோரு வரி. பெரியக்கா தன் கையால் அக்கா என்று எழுதினவை. அந்த அக்கா யாரென்று தெரியாததால் ஒரு பெயரில்லாத புள்ளியாக அதை வைத்தாள். பதினோரு கோடு. அதில் ஒன்பது, நோய் வந்த ஆறு பேரிடமே போய் நின்றன.

குலுக்கிப் பார்த்தாள். பத்தாயிரத்தில் ஒரு தடவைகூட அப்படி வரவில்லை.

பதினோரு வரியிலும் ஊசி ஏற்றியது பெரியக்கா. அவளை விடுவிக்க நினைத்துத் தோண்டிய இடத்தில் அவளுக்கே குழி இன்னும் ஆழமாகிவிட்டதா?

பெரியக்கா துணிமணி வைக்கும் அறையில் இருந்தாள். நேற்று முதல் அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். சும்மா இருக்கத் தெரியாமல், கத்திரிக்கோலும் காஸ் துணியும் வாங்கி வைத்துக்கொண்டு சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். புள்ளி மேடத்தைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அந்த உபசாரத்தைத் தாங்குவது மேடத்துக்குக் கஷ்டமாக இருந்தது.

"உங்க மேல நான் எழுதினது தப்பு பெரியக்கா" என்று நின்றபடியே சொன்னாள். "நான்தான் தப்பாப் படிச்சேன். நாலு மணிக்கு அங்கேயே சொல்லிடறேன்."

பெரியக்கா ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க மொதல்ல. வேர்த்து ஊத்துது. வீட்டுல மாமியாருக்கு இன்னும் சொல்லல. டூட்டின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். நல்ல வேளை."

"இன்னும் முடியல" என்று தாள்களை நீட்டினாள். "இது உங்க கையெழுத்து. உதவியவர், அக்கா. உங்களுக்கு யாரு அக்கா?"

பெரியக்கா சிரித்தாள். "ஏன், எனக்கு ஒரு அக்கா இருக்கக்கூடாதா? பொறந்ததுலேருந்தே நான் பெரியக்காவா?"

"இந்த வரிங்கள்ல என்ன நடந்துதுன்னு ஞாபகம் இருக்கா? நேரத்தைப் பாருங்க. எல்லாமே காலைல ஏழரை, ஏழே முக்கால்."

பெரியக்கா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தாள். "நரம்பு கெடைக்காதவங்களைக் கடைசியிலதான் ஏத்துவோம். அதுக்குள்ள ரத்தம் ஒறையாம இருக்கப் போடற மருந்து ஹால்ல தீந்துடும். ஸ்டோர் எட்டரைக்குத்தான் தெறப்பாங்க. அவங்க அந்தக் குளிர்ல காத்துக்கிட்டு... அப்ப அக்காதான் எங்கேருந்தோ ஒரு பாட்டில..."

கத்திரிக்கோல் நின்றது. பெரியக்கா இரண்டாவது தாளைப் பார்த்தாள், மூன்றாவதைப் பார்த்தாள். நோயாளிகள் பெயர்களின் மேல் விரல் ஊர்ந்தது. அந்த முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் புள்ளி மேடம் கண்ணால் பார்த்தாள். ஸ்டோர் பூட்டியிருக்கும் நேரத்தில் மருந்து இருக்கக்கூடிய இடம் இன்னொன்றுதான். வைரஸ் உள்ளவர்களுக்குப் போட்ட ஊசி நுழைந்த பாட்டில்கள் இருக்கும் இடம். உள்ளறை.

"யாரு பெரியக்கா?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா உங்க வேலை போயிடும். பதினோரு வரியிலயும் நீங்க இருக்கீங்க."

"ரெண்டு நாளா இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கேன் மேடம். இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இதுல இன்னொருத்தரை என் வாயால உக்கார வைக்க மாட்டேன். நோயாளி காத்துக்கிட்டிருக்கக் கூடாதுன்னு ஓடினவங்க அவங்க." பெரியக்கா தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். "பாட்டில நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே. அது போதும்."

மணி மூன்று நாற்பது. படிக்கட்டில் ஏறும்போதே புள்ளி மேடத்துக்கு விடை கிடைத்துவிட்டது. பெரியக்காவைவிட வயதில் மூத்த பெண்கள் அந்தப் பிரிவில் இரண்டே பேர். ஒருவர் துணி மடிக்கும் அம்மா, காலை ஒன்பதுக்குத்தான் வருவார். மற்றவர் தலைமை நர்ஸ். எல்லாருக்கும் அவர் சிஸ்டர். உள்ளறைச் சாவி அவர் இடுப்பில். பதினெட்டு வருடம் கூட வேலை செய்த ஒருத்தி, யாரும் இல்லாதபோது அவரை அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம்.

இருக்கலாம். நேற்றும் இப்படித்தான் ஓர் 'இருக்கலாம்' அவளிடம் இருந்தது. பத்தாயிரம் தடவை குலுக்கிய உறுதியோடு இருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடினாள். கடவுளே, எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வை, என்று கேட்டுக்கொண்டாள்.

பெரிய டாக்டர் அறையில் உத்தரவு தட்டச்சாகி மேசையில் இருந்தது. பேனா மூடி கழற்றி வைத்திருந்தது. தலைமை நர்ஸ் அவருக்கு வலப்பக்கம் நாற்காலியில், விசாரணைக் குழுவில் அவரும் ஒருவர். நிர்வாக அதிகாரி ஜன்னலோரம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியக்காவைக் கூப்பிட்டுக் கதவருகே நிறுத்தியிருந்தார்கள்.

புள்ளி மேடம் உட்காரவில்லை. "என் அறிக்கை தப்பு சார். திரும்ப வாங்கிக்கறேன்."

என்ன தப்பு, எப்படி வந்தது என்று சொன்னாள். அக்கா என்பது பேரில்லை என்றாள். பெரிய டாக்டர் முதலில் சிரிக்கப் பார்த்தார், பிறகு நெற்றியைத் தேய்த்தார். "அப்ப இவங்க இல்லைங்கறீங்க."

"நான் சொன்ன காரணத்தால இவங்க இல்ல. ஆனா பதினோரு வரி பாக்கி இருக்கு. அந்தப் பதினோரு தடவையும் ஹால்ல மருந்து தீந்து, வேற எங்கேருந்தோ ஒரு பாட்டில் வந்திருக்கு. நோய் ஆள் வழியா வரல சார். பாட்டில் வழியா வந்திருக்கு. இன்னைக்கே அதை நிறுத்தணும்."

"எங்கேருந்து வந்தது?"

"எனக்குத் தெரியாது. ஊகிக்க முடியும். ஆனா ஊகிச்சு ஒரு பேரை எழுதி ஒருத்தரை ரெண்டு நாள் மூலையில உக்கார வச்சுட்டேன். இன்னொரு தடவை செய்ய மாட்டேன்."

பெரிய டாக்டர் கதவுப் பக்கம் திரும்பினார். "பெரியக்கா, யார் கொண்டுவந்தது?"

"தெரியாது சார்."

"பதினோரு வரியிலயும் நீங்கதான் ஊசி போட்டிருக்கீங்க. நீங்களே எடுத்திருந்தா?"

பெரியக்கா தரையைப் பார்த்தாள்.

"வாசல்ல ஆறு குடும்பம் நிக்குது" என்றார் நிர்வாக அதிகாரி ஜன்னலிலிருந்து. "இன்னைக்குப் பேர் சொல்றோம்னு சொல்லியாச்சு."

"அந்தப் பதினோரு தேதியையும் படிங்க" என்றார் பெரிய டாக்டர்.

புள்ளி மேடம் படித்தாள். தேதி, நேரம், நோயாளி. நான்காவது வரியில் தலைமை நர்ஸின் கை மடியிலிருந்த கோப்பைப் பற்றிக்கொண்டது. ஆறாவதில் விரல் கணுக்கள் வெளுத்தன. புள்ளி மேடம் அந்தப் பக்கம் பார்க்காமல் படித்தாள். பார்த்தால் அதுவே சுட்டிக்காட்டுவதாகிவிடும். பதினொன்றையும் படித்து முடித்தாள். பெரிய டாக்டர் பேனாவை எடுத்தார்.

தலைமை நர்ஸ் அதுவரை வாய் திறக்கவில்லை. திறக்காமலே இருந்திருந்தால் நான்கு ஐந்துக்கு எல்லாம் முடிந்திருக்கும். பேனா தாளைத் தொட்டது.

"நான்தான்."

அவர் எழுந்து நின்றார்.

"அந்த அக்கா நான்தான் சார். உள்ளறை அலமாரியிலேருந்து எடுத்தேன். யாருக்கும் இன்னும் போடாத பாட்டில்தான்னு நெனைச்சேன். நெனைச்சேன், பாக்கல. காலைல ஏழரைக்கு அந்தக் குளிர்ல கம்பளியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு மணி நேரம் எதுக்கு உக்கார வைக்கணும்னு... இப்ப படிக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது." அவர் பெரியக்காவைப் பார்த்தார். "எங்கேருந்துன்னு இவ கேக்கவே இல்ல. நான் குடுத்தா கேக்க மாட்டா."

பெரியக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு நாளாக வராத அழுகை இப்போது வந்தது.

பெரிய டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அந்த உத்தரவைத் தன் பக்கம் இழுத்தார். "ஸ்டோரை ஆறு மணிக்குத் தெறக்கணும்னு நீங்க ரெண்டு தடவை எழுதிக்குடுத்தீங்க இல்ல?"

"மூணு தடவை சார்."

"மூணு" என்றார் அவர். தாளை நான்காக மடித்தார். "விசாரணை இருக்கும் சிஸ்டர். உங்களுக்கும் எனக்கும். அது நாளைக்கு. இப்ப வாசல்ல நான் என்ன சொல்றது? பாட்டில் மேல யாரும் கோபப்பட முடியாதே."

"நானும் வரேன்" என்றார் தலைமை நர்ஸ். கதவருகே நின்ற பெரியக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

நிர்வாக அதிகாரியைத் தவிர மற்ற நான்கு பேரும் படியிறங்கினார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் படிகளிலுமாக இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். இவர்களைக் கண்டதும் எல்லாரும் எழுந்தார்கள். பெரிய டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உள்ளறை மருந்து ஹாலுக்கு வந்ததைச் சொன்னார். அது ஆஸ்பத்திரியின் தப்பு, தன்னுடைய தப்பு என்றார். கொண்டுவந்தது நான் என்று தலைமை நர்ஸ் சொன்னார். இந்த வைரஸுக்கு மருந்து உண்டு, பன்னிரண்டு வாரம் மாத்திரை, அதை ஆஸ்பத்திரியே கொடுக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லி முடித்தார்.

நோயாளி ஒருவரின் மகன் முன்னால் வந்து, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். அவனைத் தப்பு சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத அந்த ஒரு நிமிடம், புள்ளி மேடத்துக்கு அன்றைய நாள் முழுவதையும்விட நீளமாக இருந்தது.

கையில் துணிப்பையோடு நின்ற ஓர் அம்மா நகர்ந்து வந்தார். ஆறு பேரில் ஒருவரின் மனைவி. மூன்று மாதமாக 'யாரு, யாரு' என்று தொண்டை கிழியக் கேட்டவர். தலைமை நர்ஸை ஏற இறங்கப் பார்த்தார். பேசியபோது குரல் தட்டையாக இருந்தது.

"நாளைக்கு அவரு முறை. கூட்டிட்டு வரணுமா, வேணாமா? விட்டா மூச்சு வாங்கும்."

"வரணும்மா" என்றார் தலைமை நர்ஸ். "கட்டாயம் வரணும். மருந்து புதுசு வந்துடும்."

"யாரு ஊசி போடுவீங்க? நேத்து சின்னப் பொண்ணு ஒண்ணு போட்டுது. பாவம், நாலு எடத்துல குத்திட்டு அழுதுட்டுது." அவர் பெரியக்காவின் பக்கம் திரும்பினார். "அவரு நரம்பு உங்களுக்குத்தான் புடிபடும். நீங்க இருப்பீங்களா?"

பெரியக்கா பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"இருப்பேன்" என்றாள் பெரியக்கா. "கெளம்பறப்பவே கையை நல்லாச் சூடா சுத்திக் கூட்டிட்டு வாங்க. குளிர்ந்துட்டா நரம்பு உள்ள போயிடும்."

"எதால சுத்தறது? துண்டு போதுமா?"

"போதும்மா. வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துண்டு, அதுக்கு மேல காஞ்ச துண்டு."

அந்த அம்மா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பையை மாற்றிப் பிடித்தபடி படியிறங்கினார்.